சிங்கப்பூரில் ஏழு நாட்கள், ஓர் ஆறு

ஏலகிரிக்கு ஏறும் மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுகளுக்குப் புலவர்களின் பெயர்களையும் வள்ளல்களின் பெயர்களையும் சூட்டியிருக்கிறார்கள். பேருந்து ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு புலவரைக் கடந்து, பிறகு ஒரு வள்ளலைக் கடந்து மேலே செல்லும். இத்தகைய ஊரில் மாதம் ஒருமுறை கூடி நூல்களைப் பற்றிப் பேசிக்கொள்ளும் எங்களைப் போன்றவர்களுக்கு, தன் நாணயத்திலேயே தமிழைப் பொறித்திருக்கும் அயல்நாட்டு நகரம் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எழுந்ததில் வியப்பில்லை. 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் அது கைகூடியது.

நாங்கள் ஐவர். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர்; ஜோலார்பேட்டையில் ரயில்வேப் பணியில் இருந்தவர் ஒருவர்; வங்கி ஊழியர் ஒருவர்; ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகளாக ‘அப்பர்’ தைக்கும் சகோதரி, அவருடைய கணவர். (அப்பர் என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் நினைவுக்கு வருபவர் நாவுக்கரசர் அல்லர், காலணியின் மேற்பகுதிதான்.) சகோதரியின் பயணச் செலவில் ஒரு பகுதி அவர் கட்டிவந்த சீட்டுப் பணம். ஆகவே எதைப் பார்ப்பது, எதைத் தவிர்ப்பது என்பதில் அவருடைய சொல்லுக்கே முதலிடம் என்று விமானம் ஏறுமுன்பே முடிவாகியிருந்தது.

முதல் இரண்டு நாட்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எல்லோரும் பார்ப்பவற்றை நாங்களும் பார்த்தோம், எல்லோரும் எடுக்கும் படங்களை நாங்களும் எடுத்தோம். சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயிலைக் கண்டோம். 1819இல் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸுடன் வந்திறங்கிய நாராயண பிள்ளை 1827இல் எழுப்பிய கோயில் அது. அதே சாலையில் சில அடி தூரத்தில் சூலியா முஸ்லிம்கள் கட்டிய ஜாமியா பள்ளிவாசல். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பாங்கொலியும் கோயில் மணியும் ஒரே காற்றில் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அந்தச் சாலை உடனே சொந்தமாகிவிட்டது.

மூன்றாம் நாள் சிராங்கூன் சாலைக்குச் சென்றோம். அங்குள்ள வீரமாகாளியம்மன் கோயிலை அக்காலத் தமிழர் ‘சுண்ணாம்புக் கம்பத்துக் காளி கோயில்’ என்று அழைத்தனராம். அப்பகுதியில் சுண்ணாம்புச் சூளைகள் இருந்தமையே காரணம். சற்றுத் தள்ளி ‘எருமைச் சாலை’ எனப் பொருள்படும் பஃபலோ ரோடு. 19ஆம் நூற்றாண்டில் அங்கே மாட்டுப் பட்டிகள் நிறைந்திருந்தன; நீரும் புல்லும் தாராளமாகக் கிடைத்ததால் மாட்டு வணிகர்கள் அவ்விடத்தைத் தேர்ந்தனர். மற்ற பயணிகளுக்கு இவை வெறும் ஊர்ப்பெயர்கள். தோல் மண்ணிலிருந்து வந்த எங்களுக்கோ சுண்ணாம்பும் எருமையும் அடுத்தடுத்து வந்தால் மூன்றாவதாக வேறொன்று மூக்கில் ஏறிவிடும். தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைக்கும் வாடை அது. சகோதரி சிரித்துக்கொண்டே, “இங்கயும் ஒரு தோல் ஷாப் இருந்திருக்கும் பாருங்க” என்றார். மல்லிகைப் பூவும் ஊதுபத்தியும் மணக்கும் தெருவில் நின்று நாங்கள் பேசிக்கொண்டது இதைத்தான்.

நான்காம் நாள் ஆற்றங்கரைக்குப் போனோம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த நாள்தான்.

சிங்கப்பூர் ஆறு நீளமானதன்று. பாலாற்றைப் பார்த்தவர்கள் அதை ஒரு கால்வாய் என்றுகூடச் சொல்லிவிடலாம். அதன் மேல் 1869இல் கட்டப்பட்ட காவெனா பாலத்தில் பழைய அறிவிப்புப் பலகை ஒன்று இன்னும் இருக்கிறது: மூன்று ஹண்ட்ரெட்வெயிட்டுக்கு மேற்பட்ட பாரவண்டிகளும், மாடுகளும் குதிரைகளும் பாலத்தில் ஏறக்கூடாது. பாலத்தருகே ஆற்றுக்குள் பாயும் சிறுவர்களின் வெண்கலச் சிலைகள். கரையில் உணவகங்கள், விளக்குகள், படகுச் சவாரி. நீரில் ஒரு நெகிழிப் பை இல்லை, நாற்றமும் இல்லை. எங்கள் தமிழாசிரியர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் நின்றார். அவர் பிறந்த ஊர் வாணியம்பாடிக்கு அருகில் பாலாற்றங்கரையில் உள்ளது. ஊற்று தோண்டிக் குடித்த தலைமுறையின் கடைசி ஆட்களுள் ஒருவர்.

இந்த ஆறு இப்படி இருந்ததில்லை என்பதை அனைவரும் அறிவர். தொங்கான் என்று நம்மவர்கள் அழைத்த சரக்குப் படகுகள் நெருக்கியடித்துக் கிடந்த சாக்கடை அது. அந்தத் தொங்கான்களைத் தொடக்க காலத்தில் செலுத்தியவர்களில் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற சூலியா படகோட்டிகள் பலர். 1977இல் பிரதமர் லீ குவான் யூ, பத்தாண்டுக்குள் இதில் மீன் பிடிக்க முடிய வேண்டும் என்று அதிகாரிகளுக்குக் கெடு வைத்தார். 1987இல் பணி முடிந்தது. மறுகுடியமர்த்தும் செலவு நீங்கலாக ஏறத்தாழ 30 கோடி வெள்ளி செலவாயிற்று. ஆறும் காலாங் வடிநிலமும் தெளிவதற்காகச் சுமார் 26,000 குடும்பங்கள் இடம் மாற்றப்பட்டன. 600க்கும் மேற்பட்ட பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. தெருவோர வியாபாரிகள் உணவங்காடிகளுக்குள் அனுப்பப்பட்டனர். சுமார் 800 தொங்கான்கள் 1983இல் பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின.

வங்கி நண்பர் இந்த எண்களைக் கைப்பேசியில் பார்த்து வாசித்துவிட்டு, “நம்ம ஊர்ல ஏன் முடியல?” என்று கேட்டார். சிங்கப்பூருக்குச் செல்லும் ஒவ்வொரு தமிழரும் ஒருமுறையாவது கேட்டே தீரும் கேள்வி அது. வழக்கமாக அரசியல்வாதிகளைத் திட்டுவதில் முடியும். அன்று அப்படி முடியவில்லை. சகோதரி வேறொரு கேள்வி கேட்டார்.

“அண்ணா, ஆத்தைச் சுத்தம் பண்ணப்ப, அதை வச்சுப் பொழைச்சவங்க என்ன ஆனாங்க?”

எங்களிடம் பதில் இல்லை. பதில் சொன்னவர் பக்கத்து இருக்கையில் அமர்ந்து எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த முதியவர். எழுபதைக் கடந்தவர், தஞ்சைப் பக்கத்துப் பெற்றோருக்கு அங்கேயே பிறந்தவர். அந்தப் பத்தாண்டில் ஆற்றில் குப்பை வாரும் படகில் வேலை செய்தாராம். பன்றி வளர்த்தவர்களுக்கும் கடை வைத்திருந்தவர்களுக்கும் அடுக்குமாடி வீடு கிடைத்தது, சிலருக்கு மாற்றுக் கடையும் கிடைத்தது என்றார். படகுக்காரர்களில் வயதானவர்கள் புதிய இடத்துக்குப் போய்ச் சிறிது காலம் தாக்குப்பிடித்துவிட்டு ஓய்ந்துபோனார்கள். எல்லாருக்கும் நன்மைதான் என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தி, “நான் வேலை முடிஞ்சு வந்தா சட்டையை வீட்டுக்குள்ள விட மாட்டா என் சம்சாரம். வெளியே கம்பியில தொங்கும்” என்றார்.

சகோதரி சட்டென்று, “எங்க அப்பா சட்டையும் அப்படித்தாங்கய்யா தொங்கும்” என்றார். அவருடைய தந்தை முப்பது ஆண்டுகள் தோல் ஷாப்பில் ஈரத்தோல் இழுத்தவர். அதன் பிறகு அவ்விருவரும் பேசிக்கொண்டார்கள், நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலம் போய்க் குரோமியம் வந்ததை, கிணறு உப்பானதை, தென்னை காய்ந்ததை, ஆனால் அந்தக் கூலியில்தான் தாம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததை அவர் சொன்னார். ஷூ கம்பெனி ஓடுவதால்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் கையில் காசு புரள்கிறது என்பதையும் சொன்னார். அந்த ஊதியத்தில் வந்தவர் அந்தத் தொழிலைக் குறைசொல்லும் சங்கடம் அவர் குரலில் இருந்தது. அதை மறைக்க அவர் முயலவுமில்லை.

அன்றிரவு விடுதியில் தூக்கம் பிடிக்கவில்லை. வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பைப் பற்றி விடிய விடியப் பேசினோம். மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளுள் அது முக்கியமானது. சட்டம் படிக்கும் மாணவர் எவரும் அதைப் படிக்காமல் தேற முடியாது. ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழ்பட்டது என்றும் அத்தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. 2015 சனவரியில் இராணிப்பேட்டையில் அத்தகைய நிலையம் ஒன்றின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து தொழிலாளர் 10 பேர் மாண்டனர். அங்கே ஆற்றைத் தெளிவிக்கப் பத்தாண்டு. இங்கே தீர்ப்பு வந்தே அப்போது இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த ஒப்பீடு முழுக்க நியாயமானதன்று என்று ரயில்வே நண்பர் வாதிட்டார். ஒரு தீவு, ஓர் அரசு, மூன்று கிலோமீட்டர் ஆறு. நம்முடையதோ மூன்று மாநிலங்களில் ஓடும் ஆறு, அதுவும் ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடப்பது. அவர் சொன்னதை ஒப்புக்கொண்டோம். ஆனால் இடம்பெயர்ந்தவருக்கு வீடு என்பது கணக்கின் முதல் வரியிலேயே இருந்ததல்லவா, அதற்கு நீளமும் அகலமும் என்ன தடை என்று தமிழாசிரியர் கேட்டபோது அவரும் மறுக்கவில்லை.

ஐந்தாம் நாள் ஆர்ச்சர்ட் சாலை. எங்களுக்கு வாங்க ஒன்றுமில்லை. சகோதரி மட்டும் ஒரு கடையில் ஆண்கள் காலணி ஒன்றைக் கையிலெடுத்தார். விலையைப் பார்க்கவில்லை, உட்பக்கம் விரல் விட்டுத் தையலைத் தடவினார். “ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல்னு எண்ணிப் பாத்தேன். சரியாத்தான் இருக்கு” என்று வைத்துவிட்டார். விற்பனைப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது.

ஆறாம் நாள் தேசிய நூலகத்தில் தமிழ்ப் பகுதியில் கழிந்தது. 1887இல் அங்கே ‘சிங்கை நேசன்’ என்ற தமிழ் இதழ் வெளிவந்திருக்கிறது. 1935 முதல் ‘தமிழ் முரசு’ வருகிறது. தமிழாசிரியரை அங்கிருந்து கிளப்புவது பெரும்பாடாயிற்று. அதைத் தனியாக எழுதுவதாக அவரே வாக்களித்திருப்பதால் இங்கே விட்டுவிடுகிறோம்.

கடைசி நாள் மெரினா அணைக்கட்டுக்குப் போனோம். 2008இல் கடல்வாயை அடைத்துக் கட்டியது. ஒரு காலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த அந்த ஆறு இப்போது இந்த அணைக்குள் வந்து குடிநீராகிறது. சகோதரியின் கணவர் குழாயில் புட்டியைப் பிடித்து நிரப்பிக் குடித்தார். ஆம்பூரில் கேன் தண்ணீருக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று அவர்கள் இருவரும் அணைக்கட்டின் புல்தரையில் அமர்ந்து கணக்குப் போட்டார்கள்.

நாங்கள் திரும்பிய நான்கு மாதங்களில், 2025 சனவரி 30 அன்று, உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டும் ஒரு தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டோருக்கு அரசு இழப்பீடு வழங்கி, அத்தொகையை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும். நிலைமையைத் தணிக்கை செய்ய ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும். ஏலகிரியில் அடுத்த கூட்டத்தில் நாவல் ஒன்றைப் பேசுவதாக இருந்தோம். அதை ஒதுக்கிவிட்டு, தீர்ப்பை நகலெடுத்துத் தமிழில் பத்தி பத்தியாகச் சொல்லிக்கொண்டு போனோம். இழப்பீடு பெறுவோரின் வரையறை வந்த இடத்தில் சகோதரி நிறுத்தச் சொன்னார். நிலம் வைத்திருந்தவர்கள் மட்டுமா, தொட்டியில் இறங்கி நின்றவர்களும் உண்டா என்று கேட்டார். அந்தப் பத்தியை மறுபடியும் முதலிலிருந்து வாசித்தோம்.