பலகைக்கு அடியில் இருப்பது



சென்ற கோடையில் எங்கள் வீட்டின் பின்புறம் ஒரு மரத்தளம் கட்டினேன். அமெரிக்காவில் இதை ‘டெக்’ என்பார்கள். பின்வாசலை ஒட்டிக் கால்கள் நாட்டி, சட்டங்கள் பரப்பி, மேலே பலகை அடித்த திறந்த தளம். நம் ஊர்த் திண்ணை வாசலில் இருக்கிறது. இது கொல்லைப்புறத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு. அந்த வேலையில் நான் ஓர் இடத்தில் சறுக்கினேன். தன் பிழையை ஊருக்கு உரைப்பது நம் மரபில் விரும்பத்தக்கதன்று என்பதை அறிவேன். எனினும் கடலோரத்தில் வீடு வைத்திருக்கும் சகோதரர்கள் சிலருக்கேனும் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

எங்கள் வீடு நியூ ஜெர்சியில், பார்னகட் விரிகுடாவிலிருந்து பிரியும் ஒரு கால்வாய்க் கரையில் இருக்கிறது. பின்வாசலிலிருந்து உப்புநீர் இருநூறு அடிதான். வீட்டை வாங்கியபோதே அங்கே ஒரு பழைய மரத்தளம் இருந்தது. முந்தைய உரிமையாளர் 1990களில் கட்டியது. 2012 அக்டோபரில் இக்கரையில் ஏறிய சாண்டி புயலையும் அது கண்டிருந்தது. பார்வைக்கு உறுதியாகவே இருந்தது. ஆயினும் மேலே நடந்தால் ஒரு மூலை மெல்ல அசையும். பிள்ளைகளை அதில் விளையாட விடுவதற்கு என் மனைவி அஞ்சினாள்.

அந்தச் சமயத்தில் வாப்பா ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார்கள். வாப்பா கீழக்கரையில் ஓடாவி வேலை செய்தவர்கள். வத்தைகளுக்கும் வள்ளங்களுக்கும் பலகை வைத்தே எங்களைப் படிக்க வைத்தார்கள். எழுபத்து நான்கு வயதில், வேலையில்லாமல் சன்னலோரம் உட்கார்ந்து கால்வாயில் போகும் படகுகளைப் பார்த்துக் கொண்டிருந்தவர்களுக்கு, நான் மரத்தளத்தைப் பிரிக்கப் போகிறேன் என்றதும் முகமே மாறிவிட்டது.

“ஆள் வைக்காதே தம்பி. நாம ரெண்டு பேரும் போதும்” என்றார்கள்.

பழைய தளத்தைப் பிரித்த முதல் நாளே ஒரு சிறு பிணக்கு. வாப்பா அறுந்த பலகைத் துண்டுகளையெல்லாம் கொல்லை ஓரத்தில் அழகாக அடுக்கினார்கள். வெள்ளிக்கிழமை விறகடுப்பு மூட்டி நெய்ச்சோறு ஆக்கலாம் என்பது எண்ணம். நான் பதறிப்போய்த் தடுத்தேன்.

அந்தப் பலகைகள் விஷமேறியவை. செம்பு, குரோமியம், பாஷாணம் என்று நாம் சொல்லும் ஆர்சனிக் ஆகிய மூன்றும் சேர்ந்த கரைசலை மரத்துக்குள் அழுத்தி ஏற்றினால் கரையானும் பூஞ்சையும் அதை அணுகா. இதைக் கண்டுபிடித்தவர் இந்தியர். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சொண்டி காமேசன் 1933இல் உருவாக்கிய கலவை அது. உலகெங்கும் மின்கம்பங்களிலும் பாலங்களிலும் வீடுகளிலும் அது பரவியது. ஆர்சனிக் குறித்த அச்சத்தால், அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்கான மரங்களில் அதைச் சேர்ப்பதை 2003 இறுதியோடு உற்பத்தியாளர்கள் நிறுத்திக்கொண்டனர். எங்கள் தளமோ அதற்கு முந்தியது. அத்தகைய மரத்தை எரித்தால் நஞ்சு புகையிலும் சாம்பலிலும் சேரும். அதில் சமைப்பது ஒருபுறம் இருக்க, அந்தச் சாம்பலைச் செடிக்குப் போடுவதுகூடத் தீங்கு.

வாப்பா மறுபேச்சுப் பேசவில்லை. “புள்ளைங்க வயித்துக்குப் போறதுல்ல” என்று சொல்லி அடுக்கிய துண்டுகளைத் தாமே குப்பை வண்டிக்கு எடுத்து வைத்தார்கள். ஒரே ஒரு பொருளை மட்டும் தம் பையில் போட்டுக்கொண்டார்கள். அது என்னவென்று அப்போது நான் கவனிக்கவில்லை.

புதிய மரம் வந்து இறங்கியது. தெற்கத்திய மஞ்சள் பைன். இப்போது ஆர்சனிக் இல்லை. செம்பு மிகுந்த வேறு கலவைகள். மரத்தை நீண்ட இரும்பு உருளைக்குள் தள்ளி மூடி, முதலில் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். பின் கரைசலை நிரப்பிப் பேரழுத்தம் கொடுப்பார்கள். வந்திறங்கிய பலகைகள் இளம்பச்சையாய், ஈரம் சொட்டச் சொட்டக் கனத்துக் கிடந்தன. வாப்பா ஒன்றைத் தூக்கி முகர்ந்து பார்த்தார்கள். அயினிப் பலகையும் கருவேல வங்குக்காலும் பழகிய கைக்கு இந்த மரம் மென்மையாகத் தெரிந்தது.

“மரம் பலவீனம். மருந்துதான் பலம்” என்றார்கள்.

அது சரியான கணிப்பு. மருந்து மரத்தின் நடுவரை எப்போதும் எட்டுவதில்லை. அறுத்த முனையில் மருந்தேறாத உள்மரம் வெளியே தெரியும். அங்கே செம்பு நாப்தனேட் என்னும் பச்சைத் திரவத்தைத் தூரிகையால் பூச வேண்டும். அந்த வேலையை வாப்பா தம்முடையதாக்கிக் கொண்டார்கள். நான் ஒரு சட்டத்தை அறுத்து முடிப்பதற்குள் தூரிகையோடு வந்து நிற்பார்கள். ஊரில் படகுகளுக்கு மீன் எண்ணெய் பூசிய அதே பொறுமை. என் பதினொரு வயது மகன் டப்பாவைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தான்.

கால்களுக்கு மூன்றடி ஆழம் குழி தோண்டினோம். குளிர்காலத்தில் மண்ணுக்குள் இருக்கும் ஈரம் உறைந்து விரிவதால், ஆழம் குறைந்த அடித்தளத்தை அது மேலே தூக்கிவிடும். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் நகரக் கட்டட ஆய்வாளர் வந்து குழிகளை அளந்து பார்த்தார். பிறகு சுவரோடு ஒரு தடித்த பலகையைப் பெருந்திருகாணிகளால் இறுக்கி, மழைநீர் அதன் பின்னே இறங்காதபடி தகடு வைத்தோம். பதினாறடி நீளத் தளத்துக்கு, பதினாறு அங்குல இடைவெளியில் பதின்மூன்று குறுக்குச் சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்தின் முனையும் சுவர்ப் பலகையில் அடித்த ஓர் உலோகத் தாங்கியில் உட்காரும். தளத்தில் நிற்பவர்களின் பாரத்தில் ஏறத்தாழப் பாதி அந்தப் பதின்மூன்று தாங்கிகளில்தான் இறங்குகிறது. பலகை அடித்த பின் அவை யார் கண்ணுக்கும் தெரியா.

நான் சறுக்கியது அங்கேதான்.

செம்பு மிகுந்த புதிய மருந்து சாதாரண இரும்பை விரைவாக அரிக்கும். உப்புக்காற்றும் சேர்ந்தால் துத்தநாகம் பூசிய இரும்பும் நீண்டநாள் தாங்காது. ஆகவே உப்புநீர்க் கரையிலிருந்து 300 அடிக்குள் கட்டும் தளங்களுக்குத் தாங்கி, ஆணி, திருகாணி எல்லாமே துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும் என்பது கட்டட விதி. இதை நான் படித்திருந்தேன். கடையில் விலையையும் பார்த்தேன். எஃகுத் தாங்கியின் விலை துத்தநாகம் பூசியதைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். மரத்துக்கே கணக்குப் போட்டதைவிடக் கூடுதலாகச் செலவாகியிருந்தது. “மேலே தெரிகிற திருகாணிகளை எஃகில் போடுவோம், அடியில் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?” என்று நினைத்து, மலிவான தாங்கிகளை வாங்கிவந்து அடித்தேன். புதிதாக இருக்கையில் இரண்டும் வெள்ளையாகத்தான் மின்னும்.

ஆய்வாளர் இரண்டாம் முறை வந்த நாளில் தூறல் போட்டது. குனிந்து பார்த்தார், சுவர்ப் பலகையைத் தட்டிப் பார்த்தார், நிமிர்ந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “தாங்கிகள் எல்லாம் துருப்பிடிக்காத எஃகுதானே?”

நான் தலையசைத்தேன்.

அவர் என் சொல்லை நம்பி, ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். வாப்பா தூரிகையோடு அருகில் நின்றார்கள். என் மகனும் நின்றான்.

அன்று இஷா தொழுகைக்குப் பின் வாப்பா கேட்டார்கள். “அந்த ஆபீசர் ஒன்னு கேட்டாரே, என்ன அது?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. சொன்னேன்.

வாப்பா எழுந்து போய்த் தம் பையைத் திறந்து ஒன்றை எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தார்கள். பழைய தளத்திலிருந்து எடுத்த தாங்கி. முதல் நாள் பையில் போட்டது அதுதான். துத்தநாகம் பூசிய இரும்பு. அப்பளம்போல் ஆகியிருந்தது. விரலால் அழுத்தினேன், ஓரம் பொடிந்து உதிர்ந்தது. நடக்கும்போது அந்த மூலை ஏன் அசைந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. மரம் முப்பது ஆண்டுகள் நின்றிருந்தது. பிடித்திருந்த இரும்பு நிற்கவில்லை.

பிறகு வாப்பா, எங்கள் உம்மாவிடம்கூடச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்கள்.

“எனக்கு அப்ப இருபத்தெட்டு வயசு. ஒரு வத்தைக்கு அடிப்பலகை வச்சேன். செம்பாணிக்குக் காசு வாங்கிட்டு, சில எடத்துல இரும்பாணி அடிச்சுட்டேன். மேல பிசின் பூசியாச்சு. மொதலாளிக்குத் தெரியாது. உன் அக்கா பொறந்த நேரம், கையில காசில்ல. அந்த வத்தை ஆறு வருஷம் கடலுக்குப் போச்சு தம்பி. காத்து அடிச்ச ராத்திரியெல்லாம் நான் தூங்கல. கரையில போய் நிப்பேன். ஏன் நிக்கிறேன்னு யாருக்கும் தெரியாது. ஒன்னும் ஆகல. ஆறாம் வருஷம் அதைப் பிரிச்சுட்டாங்க. அன்னைக்குத்தான் தூங்குனேன்.”

சற்று நேரம் கழித்து, “மொதலாளிகிட்ட சொல்லி மன்னிப்புக் கேக்கணும்னு போனேன். அதுக்குள்ள அவர் மவுத்தாயிட்டார்” என்றார்கள். அவருடைய பிள்ளைகளிடம் பணத்தைக் கொடுத்ததாகவும், அவர்கள் எதற்கு என்று புரியாமலே வாங்கிக் கொண்டதாகவும் சொன்னார்கள்.

வாப்பா எனக்கு அறிவுரை எதுவும் கூறவில்லை. அமானிதம் பற்றி நான் எத்தனையோ ஜும்ஆ உரைகள் கேட்டிருக்கிறேன். ஆய்வாளர் எனக்குக் கொடுத்ததும் அமானிதம்தான். அவர் என் சொல்லை நம்பினார். மார்க்கமும் ஊரும் வேறான ஒருவரிடம் சொன்ன பொய், பொய் ஆகாமல் போய்விடுமா? நெய்ச்சோற்றில் விஷப் புகை படக்கூடாது என்று அத்தனை பதறிய நான், அதே பிள்ளைகள் ஓடப்போகும் தளத்துக்கு அடியில் எதை வைத்திருந்தேன்?

மறுநாள் காலை அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். நான் சொன்னது உண்மையன்று, தாங்கிகளை மாற்றப்போகிறேன், மீண்டும் வந்து பார்க்க வேண்டும் என்றேன். மறுமுனையில் ஆய்வாளர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “மாற்றி முடித்ததும் சொல்லுங்கள். அதுவரை பலகை அடிக்காதீர்கள்” என்றார்.

மாற்றுவதற்கு இரண்டு வார இறுதிகள் ஆயின. ஒவ்வொரு சட்டத்துக்கும் கீழே முட்டுக்கொடுத்து, அடித்த ஆணிகளைப் பிடுங்கி, எஃகுத் தாங்கியை எஃகு ஆணிகளாலேயே அடித்தோம். இரண்டு உலோகங்களைக் கலக்கக்கூடாது. எஃகும் துத்தநாகமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால், துத்தநாகப் பூச்சு இன்னும் விரைவாக அழியும். பழைய ஆணித் துளைகளிலும் வாப்பா மருந்து ஊற்றினார்கள். ஆய்வாளர் மூன்றாம் முறை வந்தபோது என்னிடம் எதையும் கேட்கவில்லை. கைவிளக்கோடு அடியில் படுத்து, பதின்மூன்று தாங்கிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் என் சொல்லை நம்பாதது நியாயமே என்பதை உணர்ந்து, அருகில் நின்றேன். என் மகனையும் உடன் நிறுத்திக்கொண்டேன். அவன் முன்னால்தானே தலையசைத்தேன்.

அதன்பின் இருபத்தாறு பலகைகள். ஈரப் பலகைகளை இடைவெளி விடாமல் நெருக்கி அடிக்க வேண்டும். காய்ந்து சுருங்கும்போது தாமாகவே இடைவெளி விட்டுக்கொள்ளும். ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு சட்டத்தைக் கடக்கும் இடத்தில் இரண்டு திருகாணி என, 676 எஃகுத் திருகாணிகள். கடைசித் திருகாணியை வாப்பா தம் பேரனிடம் கொடுத்து முடுக்கச் சொன்னார்கள். அன்று மாலை அந்தத் தளத்தில் விரிப்பு விரித்து மக்ரிப் தொழுதோம். வாப்பா முன்னின்று தொழவைத்தார்கள். ஸஜ்தாவில் நெற்றி வைக்கையில் விரிப்பின் ஊடாகப் பச்சைப் பைன் வாசனை வந்தது.

இலையுதிர்காலத்தில் வாப்பா ஊர் திரும்பினார்கள். அதற்கடுத்த மாதம் வடகிழக்கிலிருந்து பெரும் காற்று வந்தது. கால்வாய் நீர் கரையைத் தாண்டிப் புல்வெளிவரை ஏறியது. இரவெல்லாம் சன்னல்கள் அதிர்ந்தன. விடிந்ததும் வாப்பா அழைத்தார்கள். செய்தியில் பார்த்திருக்கிறார்கள்.

“ராத்திரி தூங்குனியா தம்பி?” என்று கேட்டார்கள்.

“தூங்கினேன், வாப்பா” என்றேன்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

நாம் மூடி மறைக்கும் இடங்களையும் அல்லாஹ் நமக்குச் சீராக்கித் தருவானாக. ஆமீன்.