பின்வாசல் அரிசி

போன மாதம் ஒரு பயிலரங்கில் பேசிய தோழர், மனிதனைக் கெடுப்பது சுயநலம், மீட்பது ஒற்றுமை என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கை வரவில்லை. நான் பார்த்ததிலேயே கச்சிதமான ஒற்றுமை, எங்கள் சேரியை ஒதுக்கிவைத்த ஊரின் ஒற்றுமைதான்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. இனி சாவுக்குப் பறையடிக்க வரமாட்டோம் என்று எங்கள் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். மறுநாளே ஊர்க்கூட்டம். வயலில் வேலை இல்லை, கடையில் சாமான் இல்லை, மில்லில் நெல் அரைக்கக் கூடாது. மீறினால் ஐந்நூறு ரூபாய் தண்டம். வாய்க்கால் தகராறில் பல வருஷம் பேசாதிருந்த பங்காளிகள்கூட அன்று சேர்ந்து உட்கார்ந்து தலையாட்டினார்களாம். நடவு நேரம் வேறு. ஆளில்லாமல் நாற்று முற்றியது. நஷ்டம் அவர்களுக்கும்தான், ஆனாலும் ஒருவரும் அசையவில்லை. மனிதன் லாபத்துக்காக மட்டுமே இயங்குகிறான் என்பவர்கள் இதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

பன்னிரண்டாம் நாள் இரவு மளிகைக் கடைக்காரர் பின்வாசலைத் திறந்தார். கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடுதல். இரக்கமெல்லாம் இல்லை, சரக்கு தேங்கிவிட்டது. அந்தப் பேராசையில்தான் நாங்கள் சோறு தின்றோம்.

போலீஸ் வந்து விசாரித்தபோது கட்டுப்பாடு என்ற சொல்லையே யாரும் சொல்லவில்லை. "என் கடை, என் இஷ்டம்", "என் வயல், நான் யாரையும் கூப்பிடுவேன்". கூடிச் செய்ததற்குத் தனித்தனியாகப் பதில்! சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்க வேண்டுமென்று அம்பேத்கர் 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையிலேயே கேட்டார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். சட்டம் வந்த பிறகும் இந்த "என் இஷ்டம்" என்ற பதிலை உடைப்பதுதான் வழக்கில் பெரும்பாடு. நான் உடன்போன வழக்குகளில் கண்டது அது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கமும் ஒருவர் உடைந்தார். என் சித்தப்பா. மூன்று பிள்ளைகள், ஒன்றுக்குக் காய்ச்சல். கடை திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு ஊர்ப் பெரியவர் வீட்டு வாசலில் போய் நின்று பறையடிக்கச் சம்மதித்துவிட்டார். ஊர் எங்களுக்குச் செய்ததை நாங்கள் அவர் வீட்டுக்குச் செய்தோம். வழக்கு முடிந்து, எல்லோரும் வேலைக்குத் திரும்பிய பிறகும் ஒரு வருஷம் யாரும் அவர்களிடம் பேசவில்லை. அடிபம்பில் நாங்கள் எல்லோரும் பிடித்து முடிக்கும்வரை சித்தி குடத்தோடு தள்ளி நிற்பார். நானும் அந்த வரிசையில் நின்றிருக்கிறேன், ஒருநாளும் அவருக்கு இடம் விட்டதில்லை.