நிக்கோடீமஸில் ஒரு பிற்பகல்

லூகாஸ், கான்சஸ்

அன்புத் தோழிக்கு,

டென்வரில் ஆர்வி என்கிற வீட்டுவண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் கான்சஸுக்குள் வந்துவிட்டோம். இவர் ஓட்டுகிறார், நான் வழி பார்க்கிறேன். கோல்பி வரை விரைவுச்சாலை. அங்கிருந்து 24-ஆம் எண் சாலையில் திரும்பினால் இரண்டே தடம், இருபுறமும் கதிர் முற்றிய கோதுமை. நம்மூரில் கோபுரம் தெரிவதுபோல இங்கே ஊர் வருவதைத் தானியக் கிடங்குதான் சொல்கிறது. வெள்ளை வெளேரென்ற கான்கிரீட் உருளைகள் பல மைலுக்கு முன்பே கண்ணில் பட்டுவிடும்.

இந்தப் பக்கத்துச் சிற்றூர்கள் பலவற்றில் ஊர்ப் பூங்காவிலேயே ஆர்வி நிறுத்த இடம் விட்டிருக்கிறார்கள். மின்சாரமும் தண்ணீரும் உண்டு, வசூலிக்க ஆள் கிடையாது. கம்பத்தில் ஓர் இரும்புப் பெட்டி, பக்கத்தில் உறைகள். பணத்தை உறையில் வைத்து, வண்டி எண்ணை எழுதிப் போட்டுவிட வேண்டியதுதான். இவ்வளவு என்று சொல்லாமல் நம் விருப்பத்துக்கே விட்டுவிடும் ஊர்களும் உண்டு. முன்பின் தெரியாதவர்களை இப்படி நம்புகிறார்களே என்று எனக்கு மனசு நிறைந்துபோனது.

வண்டி நின்றதும் இவர் சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்து மட்டம் பார்ப்பார். மட்டம் தப்பினால் தோசைக்கல்லில் மாவு ஒரு பக்கமாக ஓடிவிடும். குடிநீர்க் குழாயைப் பூட்டுவது என் வேலை. கழிவுநீர்க் குழாயும் அதற்கான கையுறையும் தனிப்பெட்டியில் இருக்கும், அது இவர் பாடு. 30 ஆம்பியர் இணைப்பில் ஏசியும் மைக்ரோவேவும் சேர்ந்து ஓடினால் பிரேக்கர் விழும். அதனால் சமையல் முடியும் வரை ஜன்னல் காற்றுதான். அந்தக் காற்றோ ராத்திரியில் வண்டியையே ஆட்டுகிறது.

முக்கியமாக நிக்கோடீமஸைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் கெண்டக்கியிலிருந்து வந்து 1877-இல் உண்டாக்கிய ஊர் அது. மரமே இல்லாத புல்வெளி. வீடு கட்டப் பலகை ஏது? மண்ணைக் குடைந்து அதற்குள் குடியிருந்தார்கள். மறு வருஷம் வந்து சேர்ந்த வில்லியானா ஹிக்மன் என்ற பெண், ஊர் எங்கே என்று கேட்டாராம். தரையிலிருந்து எழும் புகையைக் காட்டி, அதுதான் என்றார்கள். அவர் அழுதுவிட்டார். அப்படி அழுதவர்கள்தான் அங்கே பள்ளியும் சர்ச்சும் ஹோட்டலும் எழுப்பினார்கள்.

ரயில் வரும் என்று காத்திருந்தார்கள். 1888-இல் தண்டவாளம் சாலமன் ஆற்றுக்குத் தெற்கே போட்டுக்கொண்டு போய்விட்டது. கடைக்காரர்கள் அதன் பின்னாலேயே போனார்கள். இன்று குடியிருப்பவர்கள் இருபது பேரைத் தாண்டமாட்டார்கள். 1939-இல் சுண்ணாம்புக்கல்லில் கட்டிய ஊர் மண்டபத்தைச் சுற்றி நடந்தோம். வெயிலில் சுவர் சுட்டது. 1996-இல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்ததில் இந்தக் கட்டடங்களுக்குப் பாதுகாப்புக் கிடைத்திருக்கிறது. ஆனால் ஊரை உயிரோடு வைத்திருப்பவர்கள், வெளியூர் போன வாரிசுகள் என்றே நினைக்கிறேன். வருஷா வருஷம் ஜூலைக் கடைசியில் எங்கெங்கிருந்தோ குடும்பம் குடும்பமாகத் திரும்பி வந்து விடுதலை நாளைக் கொண்டாடுகிறார்கள்.

இங்கே லூகாஸுக்கு வரும் வழியில் வேலிக்கம்பங்கள்கூடக் கல்தான். மண்ணிலிருந்து எடுக்கும்போது மெதுவாக இருந்து, காற்றுப் பட்டதும் இறுகுகிற சுண்ணாம்புக்கல். இறங்கி ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். ஓரத்தில் வரிசையாகத் துளைபோட்டுப் பிளந்த தடம் விரலுக்குத் தட்டுப்பட்டது. உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட டின்ஸ்மூர் என்பவர் 1907-இல் இந்த ஊரில் அதே கல்லை மரத்தடி போலச் செதுக்கி வீடு கட்டி, தோட்டம் முழுக்க சிமென்ட் சிலைகள் செய்திருக்கிறார். ஒன்றில் வக்கீல், டாக்டர், போதகர், வங்கிக்காரர் நால்வருமாகச் சேர்ந்து உழைப்பாளியைச் சிலுவையில் அறைகிறார்கள். இவர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

நாளை வடக்கே திரும்பி, எல்லை தாண்டி நெப்ராஸ்காவின் ரெட் கிளவுட். 'மை ஆன்டோனியா' எழுதிய வில்லா கேதர் வளர்ந்த ஊர். அடுத்த மாதக் கடைசியில் மறுபடி நிக்கோடீமஸ் போகலாம் என்று இவர் இப்போதே நாள் பார்க்கிறார். பதிலை மகள் விலாசத்துக்கே போடு. அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்றும் எழுது.

அன்புடன்,
உன் தோழி