எங்க பாடு

பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் பூநாரைகளையும், டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகளையும் பார்த்துவிட்டு வருவார்கள். 1613-ல் அவர்கள் கட்டிய கோட்டையில் இன்று சிதிலந்தான் மிச்சம். எனக்கென்னவோ இறால் மேல்தான் கண். படகேறி, ஏரிக்குள் இருந்த ஒரு சின்னத் தீவுக் குப்பத்திற்குப் போனேன்.

உலரும் வலைகள், வேப்பமர நிழல், தூங்குகிற ஒரு நாய், ஊர் அவ்வளவுதான். தெரிந்தவர் வீட்டு அம்மாள் மண்சட்டியிலிருந்து இறால் குழம்பை அள்ளி ஊற்றினாள். அப்போதுதான் பிடித்த இறாலுக்கு ஓர் இனிப்பு உண்டு. ஐஸ் பெட்டியில் படுத்துப் பட்டணம் வருவதற்குள் அது போய்விடுகிறது. வெட்கத்தை விட்டு மறுமுறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

"நாளைக்கும் இறால் உண்டா?" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"நாளைக்கு எங்க பாடு இல்லீங்களே!"

பாடு என்றால் முறை. இறால் விழும் நல்ல இடங்களில் யார், என்றைக்கு வலை கட்டுவது என்று உரிமையுள்ள குப்பத்தார் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட ஏற்பாடு. நல்ல இடம் மாறி மாறி எல்லோருக்கும் வரும். முறை இல்லாத நாளில், கண்ணெதிரே இறால் துள்ளினாலும் அவர் அங்கே வலை கட்டமாட்டார்.

ஆனால் முகத்துவாரத்தின் வழியே கடலிலிருந்து இறால் குஞ்சு வந்தால்தானே பாடு? மணல் மேடிட்டு அந்த வாய் அடைத்துக்கொண்டால் பங்கிட என்ன இருக்கும்? அதையும் கேட்டேன்.

"பாடு எங்க கையில இருக்குதுங்க, வாய் எங்க கையில இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, அவர் வலையின் கிழிசலைத் தைக்க உட்கார்ந்தார்.