நாலு மீட்டருக்குள் ஒரு குடும்பம்

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கிறது உதியன்குளங்கரை. வடக்கே திருவனந்தபுரம் விமான நிலையம். தெற்கே களியக்காவிளையிலிருந்து தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தமிழகத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. இருபுறமும் பெண் கொடுத்து எடுப்பது மட்டும் நிற்கவில்லை. கல்யாண வீட்டுக்கு வாழைக்குலை, வளைகுடாவிலிருந்து வருபவரின் பெட்டிகள் என்று எல்லாம் ஏற வேண்டிய கார், சிக்கனமாகவும் இருக்க வேண்டும்.

சிக்கனத்தின் அளவுகோல் 4 மீட்டர். 2006 பட்ஜெட்டில் அந்த நீளத்துக்குட்பட்ட சிறிய கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆனது. வெட்டு விழுந்தது டிக்கியில். 2008-ல் வந்த மாருதி ஸ்விஃப்ட் டிசையரின் நீளம் 4.16 மீட்டர், டிக்கி 440 லிட்டர். 2012-ல் நீளம் 3.995 மீட்டரானதும் டிக்கி 316 லிட்டராகச் சுருங்கியது. ஏறக்குறைய அதே நீளத்தில் 2013-ல் வந்த ஹோண்டா அமேஸ் 400 லிட்டர் தந்தது. ஆக, நீளத்தைப் பார்த்து டிக்கியை எடைபோட முடியாது.

எரிபொருள் செலவுக்குப் பயந்து சி.என்.ஜி. கார் வாங்கினால், சிலிண்டரே டிக்கியை அடைத்துக்கொள்ளலாம். 2023-ல் டாடா இரண்டு சிறு சிலிண்டர்களை டிக்கியின் தரைக்கு அடியில் வைத்தது இதனால்தான்.

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். வரி குறைந்தாலும் கடன் தவணை வருடக்கணக்கில் ஓடும். பெட்டி அடங்காமல் விமான நிலையத்துக்கு இன்னொரு டாக்சி பிடித்தால், மிச்சம் பிடித்த பெட்ரோல் காசு அதற்கே போய்விடும். டிக்கியின் வாய் குறுகலாக இருந்தால் லிட்டர் கணக்கும் கைகொடுக்காது. ஷோரூமுக்குப் போகிறவர்கள் வீட்டிலுள்ள பெரிய பெட்டியையும் கையோடு எடுத்துப்போவது உத்தமம்.