கலிபோர்னியக் கரையோரம்: சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் கூடாரம் போட

சான் பிரான்சிஸ்கோ நகருக்குள் கோடைக்காலத்தில் ஒரு குடும்பம் ஹோட்டலில் தங்கினால், அறை வாடகை இரவுக்கு 200 டாலரைத் தாண்டுவது சாதாரணம். அதற்கு மேல் சுமார் 14 சதவீதம் வரி வேறு. அதே நகரத்திலிருந்து ஒரு மணி நேரக் கார் பயணத்துக்குள், மாநிலப் பூங்காக்களில் கூடாரம் போட்டுத் தங்க ஓர் இடத்துக்கு 35 டாலர் அளவில்தான் வாங்குகிறார்கள். அதுவும் தலைக்கு அல்ல, இடத்துக்கு. பெரும்பாலான இடங்களில் ஒரே கட்டணத்தில் எட்டுப் பேர் வரை தங்கலாம். தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளைகள் வரை சேர்ந்து கிளம்பும் குடும்பத்துக்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு அங்கே இல்லை.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வாடகையை மட்டும் பார்த்தால் போதாது. குழாயில் தண்ணீர் வருமா, கழிப்பறை எப்படி, காரிலிருந்து சாமான்களை எவ்வளவு தூரம் சுமக்க வேண்டும், நகரத்துக்கு எப்படிப் போய்வருவது என்ற நான்கும் முக்கியம். ஐந்தாவது, பனிமூட்டம். வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது இதைத்தான். கோடையில் உள்நாட்டுச் சமவெளி வெயிலில் காய்கிறது. அங்கே சூடான காற்று மேலெழும்ப, குளிர்ந்த பசிபிக் கடலின் ஈரக்காற்று கோல்டன் கேட் நீர்ச்சந்தி வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. அதனால் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கடலைப் பார்த்த மலைச்சரிவுகளில் இரவில் 12 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிரும்; விடியும்போது கூடாரத் துணி நனைந்திருக்கும். மலைக்கு மறுபக்கம், வளைகுடாவைப் பார்த்த சரிவுகளில் அதே நாளில் நல்ல வெயில் அடிக்கும். சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் மலைக்கு உள்பக்கத்தைத் தேடுவதே நல்லது.

நகரத்துக்கு மிக அருகில் உள்ளவை குடும்பத்துக்கு அவ்வளவாக ஒத்துவராதவை. நகர எல்லைக்குள், பிரசிடியோ பூங்காவில் ராப் ஹில் என்ற முகாம் இருக்கிறது. அங்கே இருப்பவை நான்கே இடங்கள். ஒவ்வொன்றும் 30 பேர் வரை தங்கும் பெரிய குழுக்களுக்கானது, வாடகையும் அதற்கேற்றபடி. கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே மரின் ஹெட்லேண்ட்ஸில் உள்ள பைசென்டெனியல் முகாமில் ஓர் இடத்துக்கு மூன்று பேருக்கு மேல் அனுமதி இல்லை. கிர்பி கோவ் அழகில் எல்லாவற்றையும் மிஞ்சும். கூடாரத்திலிருந்து சில அடி நடந்தால் கோல்டன் கேட் பாலம் தலைக்கு மேலே நிற்பதுபோல் தெரியும். ஆனால் குடிநீர் கிடையாது. சாமான்கள், தண்ணீர் கேன் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் இறங்க வேண்டும், திரும்பும்போது ஏற வேண்டும். ஏஞ்சல் தீவிலும் முகாம் உண்டு. படகில் போய், அங்கிருந்து நடக்க வேண்டும். 1910 முதல் 1940 வரை அங்கே இயங்கிய குடிவரவு நிலையத்தில் சீனர்களோடு இந்தியர்களும் அடைத்து வைக்கப்பட்டார்கள் என்பதால் அந்தத் தீவுக்கு இத்தொடரில் தனி அத்தியாயமே உண்டு.

நகரத்தையும் பார்க்க வேண்டும், செலவும் குறைய வேண்டும் என்பவர்களுக்குப் பொருத்தமானது சான் ரஃபேல் ஊரை ஒட்டிய சைனா கேம்ப் மாநிலப் பூங்கா. மலைக்கு உள்பக்கம் இருப்பதால் பனிமூட்டம் குறைவு. பேக் ராஞ்ச் மெடோஸ் என்ற முகாமில் சுமார் 30 இடங்கள். கார் ஓரிடத்தில் நிற்கும், கூடாரம் சற்றுத் தள்ளி ஓக் மர நிழலில். குழாய்த் தண்ணீர், ஃபிளஷ் கழிப்பறை, வெந்நீர்க் குளியல் உண்டு. 1880களில் இங்கே காண்டன் பகுதியிலிருந்து வந்த சுமார் 500 பேர் இறால் பிடித்து வாழ்ந்தார்கள். அந்தக் கிராமத்தின் மிச்சம் கரையோரம் இன்றும் நிற்கிறது. 2011இல் மாநில அரசு நிதி நெருக்கடியால் 70 பூங்காக்களை மூடப்போவதாக அறிவித்தபோது இதுவும் பட்டியலில் இருந்தது. உள்ளூர் மக்களின் அமைப்பு ஒன்று 2012இல் நிர்வாகத்தைக் கையில் எடுத்ததால் பிழைத்தது. அங்கே கொடுக்கும் வாடகை நல்ல காரியத்துக்குப் போகிறது என்று நம்பிக் கொடுக்கலாம்.

சைனா கேம்பிலிருந்து லார்க்ஸ்பர் படகுத்துறைக்குக் காரில் போய், அங்கிருந்து படகேறினால் அரை மணிக்குச் சற்று மேல் சான் பிரான்சிஸ்கோவின் ஃபெரி பில்டிங் வாசலில் இறங்கிவிடலாம். நகரத்தில் பார்க்கிங் கட்டணமும் இல்லை, இடம் தேடும் அலைச்சலும் இல்லை. காரிலேயே போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: கோல்டன் கேட் பாலத்தில் நகரத்துக்குள் வரும் திசையில் மட்டும் சுங்கம் உண்டு. 2013 முதல் ரொக்கம் வாங்குவதில்லை. கேமரா எண் பலகையைப் படம் பிடித்துக்கொள்ளும். வாடகைக் கார் என்றால் சுங்கத்தோடு சேவைக் கட்டணமும் சேரக்கூடும், முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

காடுதான் வேண்டும் என்றால் சாமுவேல் பி. டெய்லர் பூங்கா. தங்கம் தேடி வந்த டெய்லர், லகுனிடாஸ் ஓடைக்கரையில் 1856இல் காகித ஆலை கட்டினார். பின்னால், 1870களிலும் 80களிலும் நகரத்து மக்கள் வார இறுதியில் வந்து கூடாரம் போடும் இடமாக அது பெயர் பெற்றது. அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காக முகாமிடும் வழக்கம் தொடங்கிய இடங்களில் ஒன்று இது. இன்றைக்கும் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே காரை நிறுத்தலாம். தலைக்கு மேலே ரெட்வுட் மரங்கள். பழைய ரயில் பாதை இப்போது சமதளமான சைக்கிள் பாதை, குழந்தைகளுக்கு ஏற்றது. ஓடையில் கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிட வருகின்றன. மீன் பிடிக்க அனுமதி இல்லை.

வளைகுடாவின் கிழக்கே, ஓக்லாண்ட் மலைகளில் அந்தோணி ஷபோ பூங்கா. யூகலிப்டஸ் மரங்களுக்கு இடையே முகாம், கீழே ஏரி. ஏரியில் குளிக்கக் கூடாது. பக்கத்து காஸ்ட்ரோ வேலி நிலையத்திலிருந்து பார்ட் ரயிலில் நகரத்துக்குப் போகலாம். தெற்கே ஹாஃப் மூன் பே கடற்கரையிலும் இடமுண்டு. அங்கே குளிருக்கும் காற்றுக்கும் தயாராகப் போக வேண்டும்.

தங்குமிடத்தில் ஒரு மேசை, நெருப்பு வளையம், உணவு வைக்க ஒரு பெட்டி இருக்கும். மின்சாரம் இருக்காது. சமையலுக்கு இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு போதும். சாதமும் குழம்பும் தாராளமாக வைக்கலாம். மிஞ்சியதை மேசையில் விட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. ரக்கூன்கள் முன்னங்கால்களை விரல்போல் பயன்படுத்தி ஐஸ் பெட்டி மூடியைத் திறந்துவிடும். எல்லாவற்றையும் உணவுப் பெட்டியில் வைத்துத் தாழ்ப்பாள் போட வேண்டும். விறகை வெளியூரிலிருந்து கொண்டுபோகாமல் அங்கேயே வாங்க வேண்டும். 1990களில் மரின் பகுதியில் தலைகாட்டி ஓக் மரங்களைச் சாகடித்துவரும் நோய் நகர்ந்து பரவ அது வழியாகிவிடக்கூடும். மும்மூன்று இலையாக வளரும் பாய்சன் ஓக் செடியைக் குழந்தைகளுக்கு முதல் நாளே காட்டிவிட வேண்டும். தொட்டால் பல நாள் தோல் அரிப்பெடுக்கும். தீ அபாய எச்சரிக்கை உள்ள நாட்களில் நெருப்பு மூட்டவே தடை வரலாம். இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது.

மாநிலப் பூங்கா இடங்களுக்கு ரிசர்வ் கலிபோர்னியா தளத்தில் பொதுவாக ஆறு மாதம் முன்னதாக, காலை 8 மணிக்குப் பதிவு திறக்கும். ஜூலை 15ஆம் தேதி இரவுக்கு வேண்டுமென்றால் ஜனவரி 15 அன்றே காத்திருக்க வேண்டும். வெள்ளி, சனி இரவுகள் சீக்கிரமே தீர்ந்துவிடும். ஞாயிறு முதல் வியாழன் வரை என்றால் வாய்ப்பு அதிகம். தமிழ்நாட்டிலிருந்தபடி பதிவு செய்கிறவர்களுக்கு அந்த ஜனவரிக் காலை 8 மணி என்பது இங்கே இரவு 9.30.