அப்பாவும் மொட்டை மாடியும் சுட்ட மீனும்

மீன்னு சொன்னா நம்ம வீடுகள்ல ரெண்டே வழிதான். ஒண்ணு குழம்பு, இன்னொண்ணு வறுவல். சுடுறதுன்னு ஒரு மூணாவது வழி இருக்குன்னு சொன்னா, "அது என்னங்க, வெள்ளைக்காரன் தோட்டத்துல நின்னு பண்ணுவானே, அதுவா?"ன்னு கேக்குறாங்க. அட, சிறுபாணாற்றுப்படையிலயே எயிற்பட்டினத்துப் பரதவர்கள் வர்ற பாணர்களுக்குச் சுட்ட குழல்மீன் கொடுத்து உபசரிக்கிறாங்க மக்களே! நாமதான் இடையில எண்ணெய்ச் சட்டிக்கு அடிமையாகி இதை மறந்துட்டோம்.

எங்க வீட்டுல இது திரும்ப வந்ததுக்குக் காரணம் இலக்கியமும் இல்ல, ஃபேஷனும் இல்ல. அப்பாவோட நெஞ்சு.

அப்பாவுக்கு தூத்துக்குடி. பொழைப்புக்காக சென்னைக்கு வந்து நாப்பது வருஷம் ஆச்சு, ஆனா நாக்கு மட்டும் இன்னும் அங்கதான் இருக்கு. மத்தின்னு சொல்ல மாட்டார், சாளைன்னுதான் சொல்வார். வஞ்சிரம் அவருக்கு சீலா. 2022-ல அவருக்கு ஸ்டென்ட் வச்சாங்க. டாக்டர் நல்ல மனுஷன், "மீன் தாராளமா சாப்பிடுங்க, பொரிச்சது மட்டும் வேண்டாம்"னார். அப்பா காதுல முதல் பாதி விழவே இல்ல. வறுத்த மீன் இல்லாத சோறு அவருக்கு சோறே இல்ல. தேங்காய் குறைச்சு, எண்ணெய் குறைச்சு அம்மா வச்ச குழம்பை ரெண்டு வாய் எடுத்துட்டு, "பசிக்கல"ன்னு எழுந்துடுவார். நாலு மாசத்துல ஏழு கிலோ இறங்கிட்டார். அம்மா அடுப்படியில யாருக்கும் தெரியாம கண்ணைத் துடைச்சிக்கிறதைப் பார்த்த பிறகுதான், ஏதாவது பண்ணியே ஆகணும்னு தோணுச்சு.

இத்தனைக்கும் மருத்துவம் மீனுக்கு எதிரி இல்லைங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை மீன், அதுவும் கொழுப்புள்ள மீனா இருந்தா நல்லது, பொரிக்காம சாப்பிடுங்கன்னுதான் அமெரிக்க இதய சங்கமே சொல்லுது. அந்தக் கொழுப்புல இருக்கிற ஒமேகா-3க்குதான் இவ்வளவு மவுசு. அது எக்கச்சக்கமா இருக்கிறது கிலோ ஆயிரத்தைத் தாண்டுற வஞ்சிரத்துல இல்ல, ஏழை மீன்னு நாம ஒதுக்குற மத்தியிலயும் காணாங்கெளுத்தியிலயும்!

சரி, மேட்டருக்கு வருவோம்.

அடுப்பு: கடையில விக்கிற கிரில் இருந்தா நல்லது. இல்லைன்னா செங்கல் போதும். மாடித் தளத்து ஓடு சூட்டுல விரிசல் விடும், அதனால கீழ ஒரு வரிசை செங்கல் பரப்பி, அதுமேல மணல் போட்டுக்குங்க. சுத்தி ரெண்டு மூணு வரிசை செங்கல், மேல எவர்சில்வர் கம்பி வலை. துத்தநாகம் பூசின வேலி வலையை மட்டும் வாங்கிடாதீங்க, சூடேறினா நல்லதில்லாத புகை வரும்.

கரி: துணி தேய்க்கிற அண்ணன்கிட்ட கேட்டா கரிக்கடை எங்கன்னு சொல்வார். ராமநாதபுரம் பக்கம் சீமைக் கருவேலத்தைச் சுட்டு எடுக்கிற கரி இதுக்கு அருமையா இருக்கும். ஒரு கிலோ மீனுக்கு ஒண்ணு, ஒண்ணரை கிலோ கரி வேணும். பத்த வைக்க மண்ணெண்ணெய் ஊத்தாதீங்க, மீன்ல அந்த வாடை ஏறிடும். தேங்காய் நாரும் நாலு கொட்டாங்குச்சியும் போதும். தீ ஆடும்போது மீனை வைக்கக்கூடாது. ஜுவாலை அடங்கி, கரி மேல சாம்பல் வெள்ளையா பூத்ததும்தான் நேரம். வலைக்கு மேல உள்ளங்கையைக் காட்டுங்க, மூணு நாலு செகண்டுல கையை எடுக்கத் தோணினா சரியான சூடு. ஒரு பக்கம் கரியைக் குவிச்சு, இன்னொரு பக்கம் காலியா விடுங்க. கருகுற மாதிரி இருந்தா மீனை அந்தப் பக்கம் தள்ளிடலாம்.

மீன்: மத்தி, காணாங்கெளுத்தி, சங்கரா, முழு கொடுவா எல்லாம் ஜோர். வஞ்சிரம்தான் வேணும்னா ஒரு அங்குலத் தடிமன்ல வெட்டச் சொல்லுங்க, வறுவல் துண்டு மாதிரி மெல்லிசா போட்டா காஞ்சு போயிடும். அப்பா இதைத்தான், "சீலாவைச் சுட்டா சக்கைல. சாளைதாம்ல நெருப்புக்குன்னே பொறந்தது"ன்னு ஒரே வரியில முடிச்சார். அதுல இருக்கிற கொழுப்பே உருகி மீனை ஈரமா வச்சுக்கும்.

மசாலா (ஒரு கிலோவுக்கு): சின்ன வெங்காயம் 10, பூண்டு 8 பல், இஞ்சி சின்னத் துண்டு, மிளகு 2 டீஸ்பூன், சீரகம் 1, மிளகாய்த்தூள் 1, மஞ்சள்தூள் அரை, உப்பு 1, ஒரு எலுமிச்சம்பழச் சாறு, நல்லெண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன். மையா அரைச்சு, கீறின மீன்ல மெல்லிசா தடவுங்க. அப்பி வச்சா மீன் வேகுறதுக்கு முன்னாடி மசாலா கருகிடும். அரை மணி நேரம் ஊறினாப் போதும். ராத்திரி முழுக்க ஊற வச்சா எலுமிச்சையோட புளிப்பு சதையைக் கெடுத்துடும்.

எல்லாரும் புலம்புற விஷயம் மீன் வலையில ஒட்டுறது. அதுக்கு மூணு மருந்து. மசாலா தடவுறதுக்கு முன்னாடி மீனைத் துணியில ஒத்தி ஈரம் போக்கணும். வலையை நல்லா சூடு பண்ணி, சுரண்டி, எண்ணெய்த் துணியால துடைக்கணும். மூணாவதுதான் கஷ்டம்: பொறுமை. மீன் முதல்ல கம்பியைப் பிடிச்சுக்கும், தோல் முறுகினதும் தானா விட்டுடும். அதுக்கு முன்னாடி கரண்டியை விட்டா தோல் வலைக்கு, சதை நெருப்புக்கு, நமக்கு முள்ளு :-)

ஒரு அங்குலத் தடிமனுக்கு ரெண்டு பக்கமும் சேர்த்து சுமார் 10 நிமிஷம். மத்திக்கு அதுல பாதி கூட வேண்டாம். தடிமனான இடத்துல குத்திப் பார்த்தா சதை வெள்ளையாகி இதழ் இதழா பிரியணும். கருக விட்டு "ஸ்மோக்கி ஃப்ளேவர்"னு சமாளிக்க வேண்டாம், கருகல் உடம்புக்கு ஆகாது. மழையோ குளிரோ, கரியடுப்பை மட்டும் வீட்டுக்குள்ள கொண்டு போகாதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மூடின அறையில தெரியாமலே ஆளைக் கொன்னுடும்.

நான் இதையெல்லாம் படிச்சுட்டு, கேட்டுட்டு, மாடியில விசிறியும் கையுமா நின்னப்ப அப்பா படியேறி வந்தார். ஆஸ்பத்திரியில இருந்து வந்த பிறகு மாடிப்பக்கமே வராத மனுஷன். கொஞ்ச நேரம் பார்த்தார். "இப்படியா விசிறுவ? தள்ளுல"ன்னு விசிறியை வாங்கிக்கிட்டார். சின்ன வயசுல கடற்கரையில தென்னஓலையைக் கொளுத்தி சாளை சுட்டுத் தின்ன கதை அன்னிக்குதான் வெளிய வந்துச்சு. இத்தனை வருஷத்துல ஒரு தடவை கூட சொன்னதில்ல. அன்னிக்கு பன்னிரண்டு மீன் சாப்பிட்டார். அம்மா முள்ளை எண்ணிச் சொன்ன கணக்கு அது.

இப்ப மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு எங்க வீட்டுல நெருப்பு அப்பா பொறுப்பு. புகைக்கு ரொம்பப் பக்கத்துல நிக்காம காத்து வர்ற பக்கம் நாற்காலி போட்டுக் கொடுத்துடுவோம், அங்க இருந்தே அதிகாரம் தூள் பறக்கும். போன எடையில அஞ்சு கிலோ திரும்பியாச்சு. மீன்தான் காரணமா, அதிகாரம்தான் காரணமான்னு கேட்டா, எனக்கென்னவோ ரெண்டாவதுதான்னு தோணுது. வயசானவங்களுக்கு "அதைச் சாப்பிடாதே, இதைத் தொடாதே"ன்னு எடுத்துக்கிட்டே இருக்கோம். பதிலுக்குக் கையில எதையாவது கொடுக்கணும்ல?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம்ம கிழக்குக் கரையில 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வரும். விசைப்படகுக்குத்தான் தடை, நாட்டுப்படகு போகும். வஞ்சிரம் விலை எகிறினாலும் மத்தி சிக்கும், கவலை வேண்டாம். உங்க ஊர்ல மீனைச் சுட்டுச் சாப்பிடுற வழக்கம் இருந்தா வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு வைங்க. கேட்டாத்தான் சொல்வாங்க.

டிஸ்கி: பக்கத்து வீட்டு மாமி சுத்த சைவம். அதனால காத்து கடல் பக்கமா திரும்பின பிறகுதான் எங்க வீட்டுல அடுப்பு மூட்டணும்னு தங்கமணி உத்தரவு. கூடவே அதே நெருப்புல சுட்ட மக்காச்சோளம் நாலு மாமி வீட்டுக்குப் போயிடும். சமாதான உடன்படிக்கை!